பழைய விமான உதிரிபாகச் சந்தைகள்

பழைய விமானங்களிலிருந்து கழற்றிய கருவிகள், எஞ்சின் பாகங்கள், விமானிகளின் உடைகள், கையேடுகள், விமான நிறுவனங்களின் நினைவுப் பொருள்கள் ஆகியவற்றைச் சேகரிப்பாளர்களும் சீரமைப்பாளர்களும் விற்று, வாங்கி, தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் கூடல்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்தான் இவை வேரூன்றி வளர்ந்தன. பெரும்பாலானவை விமான அருங்காட்சியகங்களின் வளாகத்திலோ பெரிய விமான விழாக்களின் ஓரத்திலோ நடக்கின்றன.

முதல் உலகப் போருக்குப் பின்

1920-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஏர்கிராஃப்ட் டிஸ்போசல் கம்பெனி, போரில் மிஞ்சிய ஏறத்தாழ 10,000 விமானங்களையும் 30,000-க்கு மேற்பட்ட எஞ்சின்களையும் 10 லட்சம் பவுண்டுக்கு அரசிடமிருந்து மொத்தமாக வாங்கியது. அமெரிக்காவில் கர்ட்டிஸ் ஜென்னி பயிற்சி விமானங்கள் மலிவு விலையில் தனியார் கைக்குப் போயின. சார்லஸ் லிண்ட்பெர்க் தமது முதல் விமானத்தை 1923-இல் ஜார்ஜியா மாநிலத்தில் 500 டாலருக்கு வாங்கினார். புதிய ஓஎக்ஸ்-5 எஞ்சினும் அந்த விலையிலேயே அடக்கம்.

பெருங்கழிவு: 1945–1948

இன்றைய சந்தைகளில் கைமாறும் பொருள்களில் பெரும்பகுதி இந்த மூன்றாண்டுகளில் சிதறியவை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் பல்லாயிரம் விமானங்கள் வேலையில்லாமல் நின்றன. 1944-ஆம் ஆண்டின் உபரிச் சொத்துச் சட்டத்தின்படி அவற்றை விற்கும் பொறுப்பு முதலில் மறுகட்டமைப்பு நிதிக் கழகத்திடமும், 1946 முதல் போர்ச் சொத்து நிர்வாகத்திடமும் இருந்தது. அரிசோனாவின் கிங்மன், ஆர்கன்சாவின் வால்நட் ரிட்ஜ், ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் ஆகிய ஊர்களின் விமானத் திடல்களில் குண்டுவீச்சு விமானங்கள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டன. பி-38 போர் விமானத்தின் விலை 1,250 டாலர். நான்கு எஞ்சின் பி-17 விமானம் 13,750 டாலர். பிடி-13 பயிற்சி விமானம் வெறும் 450 டாலர்.

பிடி-13 வாங்கியவர்கள் பலருக்கு அதைப் பறக்கவிடும் எண்ணமே இல்லை. அதன் பிராட் அண்ட் விட்னி ஆர்-985 எஞ்சினைக் கழற்றி, வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ஸ்டியர்மன் விமானங்களில் பொருத்திக்கொண்டார்கள். உடற்கூடு வெயிலில் கிடந்தது. விமானம் முழுதாக இருப்பதைவிடப் பிரிந்து கிடப்பதற்கே மதிப்பு அதிகம் என்ற கணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

விற்காமல் நின்றவை உருக்காலைக்குப் போயின. வால்நட் ரிட்ஜில் 4,871 விமானங்களை டெக்சஸ் ரயில்வே எக்விப்மென்ட் கம்பெனி சுமார் 18 லட்சம் டாலருக்கு எடுத்தது. கிங்மனில் 5,400-க்கு மேற்பட்ட விமானங்களை வுண்டர்லிக் நிறுவனம் 27.8 லட்சம் டாலருக்கு எடுத்தது. எஞ்சின், வானொலி, அளவுகருவிகள் ஆகியவற்றை முதலில் கழற்றிய பிறகே கூடுகளை வெட்டி உலையில் இட்டு அலுமினியக் கட்டிகளாக வார்த்தார்கள். பெட்டி பெட்டியாக ஒதுக்கப்பட்ட அந்தச் சிறு பாகங்களே உபரிப் பொருள் கடைகளின் வழியாக நாடெங்கும் பரவின.

திரைப்பட விமானி பால் மான்ட்ஸ் 1946-இல் ஸ்டில்வாட்டரில் நின்ற விமானக் கூட்டத்தை 55,000 டாலருக்கு ஏலம் எடுத்தார். எண்ணிக்கை 475 என்பது பொதுவான கணக்கு. ஏறக்குறைய 500 என்போரும் உண்டு. தொட்டிகளில் மிஞ்சியிருந்த பெட்ரோலை விற்றே போட்ட முதலை எடுத்துவிட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதை உறுதியான செய்தியாகக் கொள்ளாமல் வழக்கில் உள்ள கதையாகக் கொள்வதே பொருத்தம்.

கழற்றிய பாகங்கள் போய்ச் சேர்ந்த இடங்களும் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்கப் பந்தயக்காரர் பில் பர்க், போர் விமானத்தின் வயிற்றடி எரிபொருள் தொட்டியையே உடலாக வைத்து 1946-இல் பந்தயக் கார் கட்டினார். ஆலிசன் எஞ்சின்கள் விரைவுப் படகுகளுக்குப் போயின. பிரிட்டனில் லங்காஸ்டர் விமானங்களின் ஆர்1155 வானொலி வீட்டு மேசைகளுக்கு வந்தது. ரேடார் கருவியின் விசிஆர்97 படக்குழாயைக் கொண்டு கைத்திறன் உள்ளவர்கள் தாங்களே தொலைக்காட்சி செய்துகொண்டார்கள். ஆறு அங்குலத் திரை. படம் முழுவதும் பச்சை நிறம். போருக்காகச் செய்த ஒரு கருவி வீட்டுக் கூடத்தில் குடும்பத்தையே உட்காரவைத்தது இந்த வரலாற்றின் இனிய பக்கங்களில் ஒன்று.

இந்தியாவில் இதற்கு எதிரான நிகழ்வு ஒன்று உண்டு. கான்பூரில் பிரிட்டிஷார் பழுதாக்கிப் போட்டுவிட்டுப் போன பி-24 லிபரேட்டர் விமானங்கள் பலவற்றை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் மீண்டும் பறக்கவைத்தனர். இந்திய விமானப் படையில் இருபதாண்டு உழைத்த பின் அவற்றுள் சில மேலைநாட்டு அருங்காட்சியகங்களுக்குச் சென்றன.

சந்தையாக உருவெடுத்தது

1951-இல் கோல் பேலன் என்ற இளைஞர் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் திடலில் இருந்த ஆறு முதல் உலகப் போர்க்கால விமானங்களைத் தமது சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கினார். அவற்றிலிருந்து வளர்ந்ததே ஓல்டு ரைன்பெக் ஏரோட்ரோம் என்ற விமான அருங்காட்சியகம். அந்தத் தலைமுறைக்கு உதிரிபாகம் தேடுவது அன்றாட வேலை. பால் போபரெஸ்னி 1953-இல் தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கத்தின் ஆண்டு விழா மில்வாக்கியிலிருந்து ராக்ஃபோர்டுக்கும், 1970-இல் ஆஷ்காஷுக்கும் மாறியது. உறுப்பினர்கள் தமக்குள் பாகங்களைக் கைமாற்றிக்கொண்ட பழக்கம் அங்கே ‘ஃபிளை மார்க்கெட்’ என்ற தனிக் கடைவரிசையானது.

பழைய கார்களுக்கான ஹெர்ஷி சந்தை (1955), பியூலி சந்தை (1967) ஆகியவை விமான உதிரிபாகச் சந்தைகளுக்கு முன்மாதிரி என்பது பொதுவான கருத்து. பிரிட்டனில் ‘ஏரோஜம்பிள்’ எனப்படும் விமானப் பாகச் சந்தை பியூலியின் வழி வந்தது என்பதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை. அமெரிக்காவில் கார்ச் சந்தையின் தாக்கம் எவ்வளவு, விமான விழாக்களின் சொந்த வளர்ச்சி எவ்வளவு என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. நாட்டிங்கம்ஷயரில் உள்ள நியூவார்க் விமான அருங்காட்சியகம் விமானி அறைகளை மட்டும் காட்சிக்கு வைக்கும் காக்பிட்-ஃபெஸ்ட் விழாவை 2000-இல் தொடங்கியது. வண்டியில் வைத்து இழுத்துவரும் மூக்குப்பகுதிகளுக்கு அருகிலேயே அவற்றில் குறையும் கருவிகளை விற்கும் சந்தையும் கூடுவது அதன் சிறப்பு.

விமான நிறுவனங்களின் கால அட்டவணை, பயணப் பை, பீங்கான் கோப்பை, பாதுகாப்பு அட்டை ஆகியவற்றுக்கான கூடல்கள் 1970-களின் பிற்பகுதியில் தனியாகப் பிரிந்தன. 1991-இல் பான் ஆம் விமான நிறுவனம் மூடப்பட்டது இத்துறைக்குப் புது வேகம் தந்தது.

அடையாளம் காணல்

பிரிட்டிஷ் பொருளில் மகுடத்தின் கீழ் ‘ஏஎம்’ முத்திரை இருக்கும். தொடர்ந்து வரும் எண்ணில் 6ஏ என்றால் அளவுகருவி, 22சி என்றால் விமானியின் உடை. அமெரிக்கப் பொருளில் ‘ஏஎன்’ எண் இருக்கும். தேர்ந்தவர்கள் விலை கேட்பதற்கு முன் பொருளைத் திருப்பி இந்த எண்ணைத்தான் படிப்பார்கள். துப்பாக்கிப் பொத்தானுடன் கூடிய ஸ்பிட்ஃபயர் கைப்பிடிக்குப் போலிகள் மிகுதி.

பழைய அளவுகருவிகளின் முகப்புகளில் இரவில் ஒளிரப் பூசிய ரேடியத்தைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஒளி மங்கியிருந்தால் ஆபத்தும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மங்குவது அந்தப் பூச்சிலுள்ள துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். கண்ணாடியைத் திறந்து சுரண்டினால் தூள் மூச்சில் ஏறும்.

சர்ச்சைகளும் கட்டுப்பாடுகளும்

ஒரு பெயர்த்தகட்டையும் சில துண்டுகளையும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் புதிதாகச் செய்த விமானம் அதே பழைய விமானம்தானா? ஆம் என்போர் ஆவணத் தொடர்ச்சியைக் காட்டுகிறார்கள். மறுப்போர் உலோகத்தைக் காட்டுகிறார்கள். விடை எதுவானாலும் சந்தையில் பெயர்த்தகட்டின் விலை ஏறிக்கொண்டே போகிறது.

விழுந்த விமானங்களைத் தோண்டி எடுத்த பாகங்கள் பிரிட்டிஷ் சந்தைகளுக்குத் தாராளமாக வந்தன. 1986-ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் உரிமம் இல்லாமல் தோண்டக் கூடாது. உள்ளே விமானிகளின் உடல்கள் கிடக்கலாம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. அமெரிக்காவில் உரிய சான்றில்லாத பாகம் அலமாரிக்கு அழகு சேர்க்கலாம். சான்றிதழ் பெற்ற விமானத்தில் பொருத்தக் கூடாது. எஃப்-14 விமானத்தின் உதிரிபாக விற்பனை, ஈரான் அவ்வகை விமானங்களை வைத்திருந்த காரணத்தால், 2007-இல் நிறுத்தப்பட்டது.

அண்மைக் காலம்

1990-களின் பிற்பகுதியிலிருந்து இணைய ஏலங்கள் சிறு பொருள் வணிகத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. 2020-இல் கொரோனா காரணமாக ஆஷ்காஷ் விழா நடைபெறவில்லை. 2021-இல் மீண்டும் நடந்தது.