காதை மூடாத பாட்டு

சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, அங்கே பாட்டு ஊருக்குப் பொது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் முகவீணையும் மிருதங்கமும் விடியவிடிய ஒலிக்கும். கல்யாணம், காதுகுத்து என்றால் மைக் செட்காரர் உயரமான மரம் பார்த்து ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுவார்; அழைப்பிதழ் போகாத பக்கத்து ஊருக்கும் சேதி போய்விடும். பிடிக்காதவருக்கும் தப்பிக்க வழியில்லை.

மாவட்டத்துக்கு மூன்று வயதானபோது, 1968-ல், ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. அதுவரை ஹெட்போன் என்றால் காதை இறுக்கி மூடும் கனத்த கிண்ணம். அரை மணி நேரத்தில் காது வியர்த்துவிடும். இதிலோ முதுகுப்புறம் திறந்திருந்தது. காதில் படுவது வெறும் பஞ்சு. அதன் மஞ்சள் நிறமே பின்னாளில் இந்த ஹெட்போனுக்கு அடையாளமானது. ஒலியெழுப்பும் சவ்வு முன்னும் பின்னும் அதிரும். பின்பக்க ஒலி கிண்ணத்துக்குள் முட்டி மோதாமல் வெளியேறிவிடுவதால், பாட்டு மண்டைக்குள் அடைபடாமல் சற்றுத் தள்ளி நின்று ஒலிப்பதுபோல் இருக்கும். அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியதும் உண்டு: பேஸ் எனும் கனத்த தாழ்வொலி இளைக்கும், பாட்டு பக்கத்து நாற்காலிக்குக் கசியும், தெருச்சத்தம் உள்ளே வரும். இருந்தும் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

திறந்த காதை நடமாட வைத்தது சோனி. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் வாக்மேன் விற்பனைக்கு வந்தபோது, அதோடு கொடுத்த பஞ்சு வைத்த ஹெட்போனின் எடை 50 கிராம் அளவுதான். சோனியின் அகியோ மொரிட்டாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வீட்டில் அவர் தனியாகப் பாட்டு கேட்டது மனைவிக்குப் பிடிக்கவில்லையாம். அதனால் முதல் வாக்மேனில் இருவர் கேட்க இரண்டு துளைகள் வைத்தார்கள். கூடவே ஓர் ஆரஞ்சுப் பொத்தான்: அதை அமுக்கினால் பாட்டு தணிந்து, எதிரில் இருப்பவர் பேசுவது மைக் வழியாகக் கேட்கும். கூத்துக்கு ஊரோடு போய் உட்கார்ந்த சனங்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரிந்திருக்கும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வாக்மேன் அப்படியொன்றும் சீக்கிரம் வந்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் பெட்டியில்தான் வரும். இங்கே ஆண்டது டேப் ரெக்கார்டர். 1978-ல் வந்த ‘ப்ரியா’ படத்துக்கு இளையராஜா பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்திருந்தார். ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகக் கலந்துதான் ஒலித்தன. நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால் சி-60, சி-90 கேசட்டில் பதிந்து தருவார்கள். ‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகும். நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்ற வேண்டும்.

1982-ல் சோனி, தலைப்பட்டையே இல்லாமல் காதுமடலில் உட்காரும் சிறு இயர்போனை வெளியிட்டது. 2001-ல் ஐபாடோடு வந்த வெள்ளை இயர்போனும் அந்த வம்சம்தான். பிறகு ரப்பர் நுனியால் காதுத்துளையை அடைக்கும் வகை சந்தையைப் பிடித்தது. காரணம் பேஸ்: அடைத்த காதில் அது திமுதிமுவென்று விழும். திறந்த வகையில் நல்லதை அடையாளம் காண, அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதுகில் குட்டித் துளைகள், அவற்றின் மேல் மெல்லிய வலைத்துணி. காற்றை எவ்வளவு விடுவது என்று அந்தத் துணிதான் முடிவு செய்கிறது. பாதி இசை அங்கேதான் தீர்மானமாகிறது. மேலே பஞ்சுறை மாட்டினால் காதோடு நெருங்கி உட்கார்ந்து, இளைத்த பேஸ் கொஞ்சம் தேறும். விலைக்கும் தரத்துக்கும் பெரிய உறவில்லை என்பதை 2010-களின் நடுவில் ஐந்து டாலருக்கு வந்த ‘மாங்க்’ என்ற சீன இயர்போன் நிரூபித்தது.

இதற்கிடையே குழாய்க்கும் கட்டுப்பாடு வந்தது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன.

பேருந்தில் மட்டும் பழைய ஆட்சி நீடிக்கிறது. ஓட்டுநர் இளையராஜாவைப் போட்டுவிட்டால், திறந்த இயர்போனில் ரகுமான் கேட்பவருக்கு இரண்டு பாட்டும் சேர்ந்தே கேட்கும். தர்மபுரி போகும் வழியில் தொப்பூர் கணவாயில் லாரிகளின் ஏர்ஹாரனும் சேர்ந்துகொள்ள, கை தானாகவே ஒலியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். பக்கத்து இருக்கை நண்பருக்கு ஒரு காதைக் கழற்றிக் கொடுக்கும் பழக்கமும் போகவில்லை. அப்போது இடப்பக்கம் பதிந்த கிடார் ஒருவருக்கு, வலப்பக்க வயலின் மற்றவருக்கு.