ஃபிரிட்ஜில் வைத்தும் மாட்டிறைச்சி கெடுவது ஏன்?

ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் இறைச்சியிலுள்ள பாக்டீரியாக்கள் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை சாவதில்லை. 4 டிகிரி செல்சியஸில் பெரும்பாலானவற்றின் வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். குளிரிலும் பெருகும் இனங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது சூடோமோனாஸ்.

நோயில்லாத மாட்டின் தசைக்குள் பாக்டீரியா அநேகமாக இருக்காது. தோலில் ஒட்டிய சாணம், குடல், கத்தி, கை இவற்றிலிருந்துதான் இறைச்சியின் மேல் ஏறுகிறது. காற்றுபடும் மேற்பரப்பில் வளரும் சூடோமோனாஸ், முதலில் இறைச்சியிலுள்ள குளுக்கோஸை உண்ணும். அதுவரை நம் மூக்குக்கு எதுவும் தெரியாது. குளுக்கோஸ் தீர்ந்ததும் அமினோ அமிலங்களைச் சிதைக்கும். அப்போதுதான் நாற்றம் வருகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 1 கோடி பாக்டீரியா சேரும்போது நாற்றமும், 10 கோடியை நெருங்கும்போது பிசுபிசுப்பும் தெரியும்.

மாடு வளர்க்கும் நீங்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. ஓய்வாக இருந்த மாட்டின் தசையில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். வெட்டியபின் அது லாக்டிக் அமிலமாக மாறும். மண்ணுக்குப் பார்ப்போமே, அதே பி.எச். அளவு 7-லிருந்து 5.5 வரை இறங்கும். இந்தப் புளிப்பு பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும். லாரியில் நெருக்கி ஏற்றி, தண்ணீர் காட்டாமல் நெடுந்தூரம் கொண்டுபோன மாட்டில் கிளைகோஜன் தீர்ந்திருக்கும். பி.எச். 6-க்கு மேலேயே நின்றுவிடும். இறைச்சி கருத்து, உலர்ந்ததுபோல இருக்கும். குளுக்கோஸும் குறைவு என்பதால் பாக்டீரியா சீக்கிரமே அமினோ அமிலத்தில் கைவைக்கும். எவ்வளவு நல்ல ஃபிரிட்ஜ் ஆனாலும் இந்த இறைச்சி சீக்கிரம் நாறும்.

ஓர் இரவு ஓய்வில் இழந்த கிளைகோஜன் முழுதாகத் திரும்பாது. மாட்டுக்கு அதற்குப் பல நாள் பிடிக்கும். ஆகவே ஏற்றும்போதே அடிக்காமல், விரட்டாமல் ஏற்றுங்கள். அறிமுகமில்லாத காளைகளை ஒன்றாக அடைக்காதீர்கள். இரவெல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். அனுப்பும் முன் தொழுவத்தைச் சுத்தமாக வைத்தால் தோலில் சாணம் அப்பாது.

வீட்டில் இறைச்சியை 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள். துண்டுகள் 3 முதல் 5 நாள் தாங்கும். கொத்துக்கறியில் மேற்பரப்புக் கிருமி உள்ளே கலந்துவிடுவதால் 2 நாளுக்கு மேல் வேண்டாம். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி ஃபிரிட்ஜிலும் வளரும், நாற்றமும் காட்டாது. அதனால் மோந்து பார்த்து முடிவு செய்யாமல், கறியை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.