ஒத்தக்சா: ஒரு பூவின் பெயர் வரலாறு

கேமரன் மலைக்குச் சென்று வந்தோர் அப்பூவைக் காணாது திரும்பியிருத்தல் அரிது. வளமனைகளின் முற்றத்திலும், தேயிலைத் தோட்டத்து லயங்களின் வாசலிலும், சிறு பூக்கள் நூறு கூடி ஒரு பந்தாகத் திரண்டது போல அது பூத்து நிற்கும். ஹைட்ரேஞ்சியா என்பது அதன் பெயர். தாழ்நிலத்து வெம்மையில் அச்செடி தழைக்குமேயன்றி எளிதில் மலராது; அதனால் நம்மில் பலருக்கு அது மலைநாட்டு விடுமுறையின் நினைவாக மட்டுமே இருந்து வருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் குளிர்ந்த மலைச்சாரலிலிருந்த ஒரு பள்ளியில் பணியாற்றினேன். பள்ளித் தோட்டத்திற்கென இளஞ்சிவப்புப் பூக்களோடு இரண்டு தொட்டிச் செடிகளை வாங்கி நட்டோம். மறு ஆண்டு இரண்டும் நீலமாகப் பூத்தன. பூச்செடி விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே மாணவர் முடிவு கட்டினர். உண்மையில் அவர்மீது குற்றமில்லை. மண்ணே அவ்வாறு செய்தது. புளிப்புத்தன்மை மிகுந்த மண்ணில் அலுமினியம் நீரில் கரைந்து வேர்வழியே ஏறிப் பூவின் நிறப்பொருளோடு சேர்கிறது; பூ நீலமாகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைவதில்லை. பூ இளஞ்சிவப்பாகவே நிற்கிறது. தேயிலை விரும்புவதும் புளிப்பு மண்ணையே. எனவே தேயிலை நாட்டில் நட்ட செடி நீலம் பூண்டதில் வியப்பில்லை. அமிலம் லிட்மசுத் தாளைச் சிவப்பாக்கும் என்று கற்பிக்கும் அறிவியல் ஆசிரியர்க்கு இச்செடி நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டாகப் பயன்படும். நாம் இதழ் என்று கருதுவனவும் இதழ்கள் அல்ல, புல்லிகளே.

பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. கிரேக்க மொழியில் இப்பெயர் 'நீர்க்கலம்' எனப் பொருள்படும். மிகுதியாக நீர் வேண்டுவதால் இப்பெயர் வந்ததென்று பலர் சொல்வர். அமெரிக்காவில் வளரும் ஓர் இனத்தின் விதைக்கூடு சிறு குடம் போன்றிருந்தமையால், 18ஆம் நூற்றாண்டில் குரோனோவியசு என்னும் டச்சு அறிஞர் இட்ட பெயரே அது. நம் தோட்டத்துப் பந்துப்பூவோ அமெரிக்காவினதன்று; சப்பானினது.

சப்பானியர் அதனை அசிசாய் என்பர். 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற மன்யோசூ என்னும் பழம்பாடல் திரட்டில் இரண்டு பாடல்கள் இப்பூவைச் சுட்டுகின்றன. நிறம் மாறுவதால் நிலையற்ற மனத்திற்கு இதனை உவமை கூறுவதும் அந்நாட்டு வழக்கு. துன்பர்க் என்னும் சுவீடன் நாட்டறிஞர் 1775இல் சப்பானுக்குச் சென்று, இச்செடியை ஆராய்ந்து, 1784இல் தம் நூலில் வேறோர் இனத்தோடு சேர்த்து எழுதினார். 1789இல் சீனத்திலிருந்து ஒரு செடி இலண்டன் கியூ தோட்டத்தை அடைந்தது. இவற்றை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. நான் சொல்ல விழைவது சீபோல்ட் இட்ட ஒரு பெயரைப் பற்றி.

சப்பான் தன் கதவுகளை அயலார்க்கு அடைத்து வைத்திருந்த காலம் அது. நாகசாக்கித் துறைமுகத்தில் விசிறி வடிவில் கட்டப்பட்ட தெசிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் டச்சு வணிகர் மட்டும் தங்க இசைவு பெற்றிருந்தனர். 1823இல் பிலிப் பிரான்சு வொன் சீபோல்ட் மருத்துவராக அங்கு வந்திறங்கினார். அவர் செருமானியர், தம் டச்சுப் பேச்சு ஐயத்திற்கு இடமளித்தபோது, தாம் மலைநாட்டு டச்சுக்காரர் என்று சொல்லித் தப்பினாராம். டச்சு நாட்டில் மலை ஏது! நாகசாக்கியின் புறத்தே நருத்தாக்கி என்னுமிடத்தில் அவர் ஒரு பள்ளி நடத்தினார். மாணவர் தங்கள் நாட்டுச் செடி, மருந்து, வழக்கம் ஆகியன பற்றி டச்சு மொழியில் கட்டுரை எழுதித் தந்தனர். மாணவர்க்கு அது பயிற்சி. ஆசிரியர்க்கோ அது செய்திக் களஞ்சியம்.

சப்பானியப் பெண்டிருள் கணிகையராகப் பதிவு பெற்றோர் மட்டுமே தெசிமாவினுள் நுழையலாம். குசுமோத்தோ தக்கி என்னும் இளம்பெண் அப்பதிவுடனேயே அங்குச் சென்று சீபோல்ட்டின் துணைவியானார். 1827இல் இனே என்ற மகள் பிறந்தாள்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1826இல் சீபோல்ட் எதோ நகருக்குச் சென்றிருந்தபோது, அரசவை வானியலார் தக்காகாசி ககெயாசு அயல்நாட்டு நூல்களுக்கு ஈடாகச் சப்பானின் நிலப்படப் படிகளை அவருக்குத் தர இசைந்தார். நிலப்படத்தை அயலார்க்குக் கொடுப்பது பெருங்குற்றம். 1828இல் செய்தி வெளிப்பட்டது. தக்காகாசி சிறையிலடைக்கப்பட்டு 1829இல் அங்கேயே மாண்டார். தீர்ப்பு வரும்வரை அவர் உடலை உப்பிலிட்டுக் காத்தனர் என்பது வரலாறு. மாணவர், மொழிபெயர்ப்பாளர் பலரும் தண்டனைக்கு ஆளாயினர். சீபோல்ட் நாடு கடத்தப்பட்டார். அறிவு வேட்கை என்று இதனைப் போற்றுவோர் உளர். விலை கொடுத்தவர் யார் என்பதை எண்ணும்போது எனக்கு அவ்வாறு போற்ற மனம் வருவதில்லை.

தக்கியும் இரண்டு வயது மகளும் கரையிலேயே நின்றுவிட்டனர். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு மாணவர் சிலர் மேல் விழுந்தது.

ஐரோப்பா திரும்பிய சீபோல்ட், சுக்கரினி என்னும் தாவர அறிஞரோடு சேர்ந்து 1835 முதல் சப்பானியத் தாவர நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் பந்துப்பூ ஒன்றுக்கு 'ஹைட்ரேஞ்சியா ஒத்தக்சா' என்று பெயரிட்டார். அப்படியொரு செடிப்பெயர் சப்பானிய மொழியில் இல்லை. பிற்காலத்தில் மக்கினோ தொமித்தாரோ என்னும் சப்பானியத் தாவரவியலார் புதிரை அவிழ்த்தார். மகளிர் பெயர்க்கு முன் 'ஓ' என்றும் பின் 'சான்' என்றும் சேர்த்து மதிப்புடன் அழைப்பது அந்நாட்டு மரபு. ஓதக்கிசான் என்பதே ஒத்தக்சா ஆயிற்று. காதற்பெயரை அறிவியலுக்குள் நுழைத்ததை மக்கினோ கடுமையாகக் கண்டித்தார். தாவரவியல் முறைப்படி அவர் பக்கம் நியாயம் உண்டு. முந்தி இட்ட பெயருக்கே முதலிடம் என்னும் விதியாலும் அப்பெயர் நிலைக்கவில்லை. துன்பர்க் இட்ட 'பேரிலை' எனப் பொருள்படும் சொல்லே அறிவியற் பெயராய் நிலைத்தது. தோட்டக்கலையார் வளர்க்கும் வகைகளுள் ஒன்றின் பெயராக மட்டும் ஒத்தக்சா இன்றும் வழங்குகிறது.

தடை நீங்கி 1859இல் சீபோல்ட் மீண்டும் நாகசாக்கிக்கு வந்தார். முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இடைக்காலத்தில் தக்கி வேறொருவரை மணந்திருந்தார்; சீபோல்ட்டும் செருமனியில் மணம் புரிந்திருந்தார். தந்தையைக் கண்ட இனேயோ அப்போதே மருத்துவம் பயின்றவர். தந்தையின் மாணவராகிய நினோமியா கெய்சாக்கு முதலியோரிடம் கற்று, மேலைநாட்டு மருத்துவம் பயின்ற முதற் சப்பானியப் பெண்மணி என்ற பெயர் பெற்றார். 1870இல் தோக்கியோவில் மகப்பேற்று மருத்துவமனை தொடங்கினார். 1873இல் பேரரசர் மாளிகைப் பிள்ளைப்பேற்றுக்கும் அவரை அழைத்தனர். 1903இல் காலமானார்.

நாகசாக்கி நகரம் அசிசாயைத் தன் நகரப் பூவாக ஏற்றுள்ளது. சூன் மாத மழையில் தெருவெங்கும் அது பூக்கும்போது, அந்நகரத்தார் அதனை ஒத்தக்குசா என்றும் அழைக்கின்றனர்.