ஒரு பட்டியலில் இரு வரி: கொள்வனவுக் கணக்கின் வரலாறு

அரசு வரி விதிப்பதும் வணிகன் கணக்கெழுதுவதும் ஒன்றோடொன்று தொடர்பற்ற தொழில்கள் எனக் கருதுவோர் பலர். வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, முன்னதன் நீதி பின்னதன் நேர்மையிலே தங்கியிருத்தல் புலனாகும். வரியுள்ள பண்டமும் வரியற்ற பண்டமும் ஒரே விலைப்பட்டியலிற் கலந்து வருங்கால் அக்கொள்வனவை எங்ஙனம் பதிவது என்னும் வினா இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாம் உலகப் போரின் செலவாற் கடன்பட்ட ஐரோப்பிய அரசுகள் சில விற்பனைத் தொகைமீது வரி விதிக்கத் தலைப்பட்டன. பிரான்சு 1920 இல் இம்முறையை மேற்கொண்டது. நூற்போன், நெய்வோன், தைப்போன், விற்போன் என ஒவ்வொருவரும் விற்குந்தோறும் வரிமேல் வரி ஏறியது. இப்படிகள் அனைத்தையும் ஒரே நிறுவனத்துள் நடத்தியோர் சுமையினின்றுந் தப்பினர். சிறு தொழிலாளரே நலிந்தனர். இடையிற் பல திருத்தங்கள் நிகழ்ந்தபின், மொறிஸ் லோறே என்னும் வரி அதிகாரியின் முயற்சியால் 1954 இல் பெறுமதி சேர் வரி அந்நாட்டில் உருப்பெற்றது. விற்கும்போது பெற்ற வரியிலிருந்து வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்து, எஞ்சியதைச் செலுத்துதலே இதன் உயிர்நிலை. எனவே, கொள்வனவு நாளேடு வணிகனின் சொந்தக் குறிப்பு என்னும் நிலை கடந்து, அரசிடம் உரிமை கோரும் சான்றுமாயிற்று.

பிரித்தானியாவில் 1940 முதல் நிலவிய கொள்வனவு வரி மொத்த விற்பனைப் படியில் அறவிடப்பட்டமையால், சில்லறைக் கடைக்காரனுக்கு அதனாற் பெருந்தொல்லை இருக்கவில்லை. 1973 ஏப்ரல் 1 ஆந் திகதி பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பத்து வீதமாக அங்கு நடைமுறைக்கு வந்தது. அன்றாட உணவுமீது வரி ஏறலாகாது என்னுங் கருத்தால், உணவுப் பண்டங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பூச்சிய வீதம் வகுக்கப்பட்டது. காப்புறுதி போன்றன விலக்களிக்கப்பட்டன. இவ்விரண்டும் ஒன்றெனத் தோன்றினும் ஒன்றல்ல. பூச்சிய வீதப் பண்டம் விற்போன் தன் கொள்வனவுகளுக்குக் கொடுத்த வரியை மீளப் பெறுவான். விலக்களிக்கப்பட்டதை மட்டும் விற்போன் பெறான்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். அக்காலத்துக் கடைக்காரன் ஒருவன் 60 பவுணுக்கு மாவும் 40 பவுணுக்குச் சவர்க்காரமும் ஒரே பட்டியலில் வாங்கினான் எனக் கொள்க. சவர்க்காரத்துக்கு மட்டும் 4 பவுண் வரி. மொத்தம் 104 பவுண். முழுத் தொகையும் வரியுட்பட்டதெனக் கொண்டு பதினொன்றிலொரு பங்கைப் பிரிப்பின், 9 பவுண் 45 பென்சு வரியாகத் தோன்றும்; அரசுக்கு 5 பவுண் 45 பென்சு இழப்பு. முழுவதும் வரியற்றதெனப் பதியின், கடைக்காரன் 4 பவுணை இழப்பான். அவ்விழப்பை அவன் விலையில் ஏற்றின், அது வாங்குவோரையே சேரும். ஆகவே மாவும் சவர்க்காரமும் தனித்தனி நிரையில் எழுதப்படல் வேண்டும். கொள்வனவுக் கணக்கில் 100 பவுணும் வரிக் கணக்கில் 4 பவுணும் வரவாக, கடன்கொடுத்தோன் கணக்கில் 104 பவுண் செலவாகும்.

பிரித்தறிதல் என்றும் எளிதன்று. கேக்குக்குப் பூச்சிய வீதம். சொக்கிலேற்றுப் பூசிய பிஸ்கற்றுக்கோ முழுவரி. ஜஃபா கேக் இவற்றுள் எது என்னும் வழக்கில், அது கேக்கே என 1991 இல் வரி மன்று தீர்த்தது.

பின்னர்க் கணனி வந்தது. 1981 இல் தோன்றிய சேஜ் நிறுவனத்தின் கணக்கியற் செய்நிரலில், ரீ-1 பொது வீதத்தையும் ரீ-0 பூச்சிய வீதத்தையும் ரீ-2 விலக்கையும் குறிக்கும் அடையாளங்களாயின. 2019 ஏப்ரல் முதல், வரிக்குட்பட்ட ஆண்டு விற்பனை 85,000 பவுணுக்கு மேற்பட்ட வணிகர் கணனிவழிப் பதிவேடு வைத்தல் சட்டக் கடமையாயிற்று. பொறி பெருக்கலிற் பிழைப்பதில்லை. ஆயினும் 104 பவுணுள் மாவெவ்வளவு, சவர்க்காரமெவ்வளவு என்பதை அதற்கு ஒருவர் பிரித்துக் கொடுத்தாலன்றி, அது பிழையான விடையையும் பிழையின்றிக் கணித்துத் தரும்.

இலங்கையிலும் 2002 ஓகஸ்ட் 1 முதல் பெறுமதி சேர் வரி நிலவுகின்றது. பூச்சிய வீதமும் விலக்கும் ஈண்டும் உள. உணவுக்கு வரியில்லை எனச் சட்டம் இயற்றுதல் பாராளுமன்றத்தின் பணி. அச்சட்டத்தின் பயன் அரசுக்கும் வணிகனுக்கும் வாங்குவோனுக்கும் பழுதின்றிச் சேர்தல், ஒரு பட்டியலை இரு நிரையாகப் பிரிக்கும் கணக்கனின் கையிலுள்ளது. வணிகக் கல்வி பயிலும் மாணவர் அச்சிறு செயலின் பெறுமதியை உணர்வாராக.