சாக் ஹாபர்த் தேவாலயமும் திமிங்கில வேட்டையும்

கட்டடக்கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பேராலயங்களையும் அரண்மனைகளையுமே நாடிச் செல்வர். ஆயின், ஒரு சிற்றூர் மக்கள் தம் சொந்தப் பணத்தில் எழுப்பிய ஆலயம் அவர்தம் தொழிலையும் சமூக அமைப்பையும் இன்னும் தெளிவாகக் காட்டவல்லது. நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்ட் தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள சாக் ஹாபர் என்னும் துறைமுகச் சிற்றூரின் முதலாம் பிரெஸ்பிற்றேரியன் தேவாலயம் இவ்வகையில் நோக்குதற்குரியது. திமிங்கில வேட்டையாளர் தேவாலயம் என்பதே அதன் வழக்குப் பெயர்.

1789இல் அமெரிக்கக் காங்கிரஸ் சுங்கத் துறைமுகங்களை வகுத்தபோது, நியூயோர்க் நகரோடு சாக் ஹாபரும் அவற்றுள் ஒன்றாயிற்று. 1840களில் அறுபதுக்கு மேற்பட்ட திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இவ்வூருக்கு உரியனவாயிருந்தன. வீட்டு விளக்குகளும் ஆலை இயந்திரங்களும் திமிங்கில எண்ணெயை வேண்டிநின்ற காலம் அது. அச்செல்வம் உச்சநிலையை அணுகிய வேளையில், 1843ஆம், 1844ஆம் ஆண்டுகளிலே இவ்வாலயம் கட்டப்பட்டது. 1844 மே 16இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. செலவு ஏறக்குறைய 17,000 டொலர்.

பிரெஸ்பிற்றேரியன் சபையில் அத்தியட்சர் இல்லை. சபையார் தெரிந்தெடுக்கும் மூப்பர்களே அதனை நடத்துவர். (வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனுக்குக் கொங்கிரிகேஷனல் சபையாரோடு இச்சபையாரும் ஆதரவளித்தனர் என்பது நம்மவர்க்கு ஆர்வமூட்டக்கூடும்.) ஆகவே ஆலயச் செலவு ஊராரையே சார்ந்தது. ஆலய வாங்குகளைக் குடும்பங்களுக்கு விலைக்கு விற்றல் அக்கால அமெரிக்க வழக்கம். நல்ல இடம் பணமுடையார்க்கே கிட்டியது.

கட்டடத்தின் தோற்றம் வியப்பூட்டுவது. மினார்ட் லபீவர் என்னும் கட்டடக் கலைஞரே இதனை வரைந்தவராகக் கருதப்படுகிறார். எகிப்தியக் கோயில் வாயில்களைப் போன்று இதன் முகப்புச் சுவர்கள் மேலே செல்லச்செல்ல உட்சாய்கின்றன. 1798இல் நெப்போலியன் எகிப்து மீது படையெடுத்ததன் பின் மேலைநாடுகளிற் பரவிய இப்பாணி, அமெரிக்காவிலே சிறைச்சாலைகளுக்கும் மயான வாயில்களுக்குமே பெரிதும் பயன்பட்டது; தேவாலயங்களில் அருமை. கற்கோயிலின் வடிவத்தை இங்கே மரத்தில் சமைத்துள்ளனர். கப்பற் கட்டுந் தச்சர் நிறைந்த ஊரில் அது இயல்பே. கூரை விளிம்பை அணிசெய்யும் வரிசையோ எகிப்துக்குரியதன்று. திமிங்கிலத்தின் கொழுப்பை அரியும் நீண்ட காம்புடைய வெட்டுக்கருவியின் அலகே அங்கு மீண்டும் மீண்டும் செதுக்கப்பட்டுள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, 185 அடி உயரத்துக்கு, மாலுமியின் தூரதரிசினியை நினைவூட்டும் கூர்ங்கோபுரம் நின்றது. கடலிலிருந்து வருவோர்க்கு ஊரை முதலில் அறிவித்தது அதுவே. எகிப்தின் பழமையைக் காட்டிலும் அவ்வெட்டுக்கருவிகளே இவ்வாலயத்தின் உண்மையான கல்வெட்டு என்பது எமது கருத்து.

ஆயினும் அக்கல்வெட்டில் எல்லோர் பெயரும் இல்லை. வேட்டைக் கப்பல்களில் கறுப்பினத்தவரும் லோங் ஐலண்டின் பூர்வகுடியினரும் வெள்ளையரோடு சேர்ந்தே துடுப்பு வலித்தனர். 1845இல் யப்பானின் எடோ விரிகுடாவை அடைந்த சாக் ஹாபர்க் கப்பலான மன்ஹாட்டனில் பணிபுரிந்த பைரஸ் கொன்சர் அடிமையாகப் பிறந்தவர். கடலில் ஒரே படகில் உயிரைப் பணயம் வைத்தோர்க்குக் கரையில் ஒரே வாங்கு கிடைக்கவில்லை. அமெரிக்கத் தேவாலயங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர்க்கு ஒதுக்கப்பட்ட இடம் மேல்மாடமே. சாக் ஹாபரின் கிழக்குப் புறத்தில் அவர்கள் 1840இலேயே புனித தாவீது சீயோன் ஆலயத்தைத் தமக்கென எழுப்பியிருந்தனர். அதற்கு எகிப்திய முகப்பு இல்லை.

செழிப்பு நிலைக்கவில்லை. 1849இல் கலிபோர்ணியாவின் தங்கம் மாலுமிகளை ஈர்த்தது. 1859இல் பென்சில்வேனியாவில் பெற்றோலியக் கிணறு தோண்டப்பட்டபின் மண்ணெண்ணெய் மலிந்தது. 1871இல் கடைசி வேட்டைக் கப்பல் துறையை விட்டகன்றது. செல்வம் வடிந்தபின்னும் அதன் அளவுக்குக் கட்டிய ஆலயத்தைச் சிறிய சபையொன்று பேண வேண்டியதாயிற்று. 1938 செப்ரெம்பர் 21இல் வீசிய பெருஞ்சூறாவளி கூர்ங்கோபுரத்தைப் பெயர்த்து வீழ்த்தியது. ஊரார் அதனை மீளக் கட்டவில்லை. 1994இல் இவ்வாலயம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, அடித்தளக் கோபுரம் மொட்டையாகவே நின்றது.