துரும்பு முதல் கூட்டு மனு வரை

விவாகரத்து என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கோர்ட், வாய்தா, இரண்டு வீட்டாரின் சண்டை. ஆனால் சண்டை போடாமல் பிரிவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

அந்தக் காலத்தில் சில சமூகங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்தாலே திருமணம் முறிந்ததாகப் பொருள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட நூலில் இந்த வழக்கத்தைக் குறித்திருக்கிறார். விஷயம் சீக்கிரம் முடிந்தது. ஆனால் தீர்ப்பு சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்ணின் விருப்பம் எவ்வளவு கேட்கப்பட்டது என்பது வேறு கேள்வி!

அடுத்து சட்டம் வந்தது. சென்னை மாகாணம் 1949-லேயே இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்தது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. பெண்களுக்கு இது பெரிய உரிமை. ஆனால் இதில் ஒரு சிக்கல். விவாகரத்து வேண்டுமென்றால் எதிராளி மீது ஏதாவது ஒரு காரணத்தை நிரூபிக்க வேண்டும். "எங்களுக்கு ஒத்துவரவில்லை, பிரிகிறோம்" என்று இருவரும் சேர்ந்து சொன்னால் போதாது. பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு மட்டும் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் அந்த வசதி இருந்தது. மற்றவர்கள் ஒருவர் மீது ஒருவர் புகார் எழுத வேண்டியிருந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் புகார்களால் உண்டாகும் காயம் தீர்ப்போடு ஆறிவிடுமா?

1976-ல் 13-பி பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் ஒரே மனுவில் கையெழுத்திடலாம். ஆறு மாதம் கழித்து, இருவருக்கும் மனம் மாறவில்லை என்றால் தீர்ப்பு. யாரும் யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை. இடையில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. கிறிஸ்தவர்களுக்கு இந்த வழி 2001-ல்தான் திறந்தது.

1984-ன் குடும்ப நீதிமன்றச் சட்டம், நீதிபதி முதலில் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்றது. மூடிய அறையில் விசாரணை நடத்தவும் இடம் தந்தது. 2005-ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவிலேயே இது முன்னோடி. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு இதற்கு உழைத்தவர்களில் ஒருவர். சமரசர் தீர்ப்பு சொல்வதில்லை, பேச வைக்கிறார். அங்கே பேசியதை வழக்கில் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. அதனால் இருவரும் பயமில்லாமல் மனம் திறக்கலாம். சமரசம் என்றால் மறுபடி சேர்த்து வைப்பது மட்டுமல்ல. பிள்ளை யாரிடம், படிப்புச் செலவு யார், வாரக் கடைசியில் யார் வீட்டில் என்று பேசி முடித்து நல்லபடியாகப் பிரிவதும் சமரசம்தான்.

சென்னையின் மேற்கே இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். பூந்தமல்லி சார்பு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டி வருடக்கணக்கில் நடக்கும் வழக்கையும், பேசி முடித்துப் போடும் கூட்டு மனுவையும் ஒப்பிட்டால் கணக்கு தானாகத் தெரியும். தகுந்த வழக்குகளில் ஆறு மாதக் காத்திருப்பையும் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ஒன்றை மறக்கக்கூடாது. அடி, உதை, வரதட்சணைக் கொடுமை உள்ள இடத்தில் "அமைதியாகப் போ" என்று பெண்ணிடம் சொல்வது சமரசம் ஆகாது. அதற்குத்தான் 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இருவரும் பயமின்றிச் சம்மதித்தால்தான் அது அமைதியான பிரிவு.

துரும்பைக் கொடுத்த காலத்தில் ஊர் முடிவு செய்தது. கூட்டு மனுவில் அந்த இருவரே முடிவு செய்கிறார்கள். கணவன் மனைவி உறவு அதோடு முடியலாம், ஆனால் அப்பா அம்மா உறவு முடிவதில்லையே!