பல் உரைக்கும் வரலாறு

மாடு வாங்கச் செல்லும் நம் களமருதூர் உழவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். கீழ்த்தாடையின் முன்பற்கள் முளைத்த அளவும் தேய்ந்த அளவும் வயதைக் கூறிவிடும். இக்கலையை விரித்தே, மண்ணுள் புதைந்த பாலூட்டிகளின் உணவையும் அறிஞர் ஆராய்கின்றனர்.

புல்லில் சிலிகா என்னும் மணற்சத்து உண்டு, மண்ணும் ஒட்டியிருக்கும். ஆதலின் புல் மேயும் விலங்கின் பல் விரைந்து தேயும். தழை தின்பதன் பல்லில் கூரிய முகடுகள் நிலைத்திருக்கும். கொட்டை உடைப்பதன் பல்லில் நுண்குழிகள் விழும். தேய்வுக்கு ஈடுகொடுக்கும் உயர்ந்த பல் குதிரைக்கு வாய்த்தது பல இலட்சம் ஆண்டுப் பரிணாமத்தின் பயனாகும்.

ஆயினும் பல்லைப் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும். 1932இல் லூயிஸ் என்னும் அமெரிக்கர், இன்றைய இமாசலப் பிரதேசத்து ஹரிதல்யங்காரில் மேல்தாடைத் துண்டொன்றைக் கண்டெடுத்தார்; ராமாபிதிகஸ் என அதற்குப் பெயரிட்டார். இவ்வினத்தின் பற்களில் எனாமல் தடித்திருந்தது. தாடையும் பல்லுமே சான்றாக, 1960களில் அதனை மனிதனின் மூதாதை என்றனர். பாடநூல்களும் அவ்வாறே எழுதின. பின்னர்ப் பாகிஸ்தானில் சிவாபிதிகஸ் என்னும் குரங்கினத்தின் முகவெலும்பு கிடைத்தது. 1982இல் வெளியான அதன் ஆய்வு, ஒராங்குட்டானோடு அதற்குள்ள ஒற்றுமையைக் காட்டிற்று. ராமாபிதிகஸும் சிவாபிதிகஸே என்பது இன்றைய கொள்கை.

கடின உணவு உண்ணும் வெவ்வேறு இனங்களில் தடித்த எனாமல் தனித்தனியே தோன்றலாம் அன்றோ? எனவே, உண்ட உணவைப் பல் உரைக்கும். உறவு முறையை அது மட்டுமே நின்று உரைக்காது. ஒற்றைச் சான்றைக் கொண்டு வரலாறு எழுதுதல் தகாது.